நீலச் சொல்லின் நயம்

இணையத்தில் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டே போகிறீர்கள். கருப்பு எழுத்துகளின் நடுவே ஒரு சொல் மட்டும் நீலம் பூத்து, அடியில் மெல்லிய கோடு ஓட நிற்கிறது. தொட்டால் வேறொரு பக்கம் விரியும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துபோனதாலேயே யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. இன்று சற்று நின்று பார்க்கலாம், வாருங்கள். நல்ல இணைப்பு ஒன்றைப் போலச் சிக்கனமும் கண்ணியமும் நுணுக்கமும் ஒருங்கே அமைந்த கைவேலை எழுத்துலகில் அரிது. அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் பெரிதுதான். ஆனால் எந்தச் சொல்லின்மேல் அது அமர்கிறது, எவ்வளவு தூரம் நீள்கிறது, எங்கே அடங்குகிறது என்பதில்தான் அதைச் செய்தவரின் கைத்திறம் தெரியும்.

முதலில் அதன் கட்டமைப்பு. இணைப்புகளால் கோத்த மீயுரை ஆவணங்களை எழுதும் குறிமொழியில் இணைப்புக்கென ஒதுக்கப்பட்டது ‘ஏ’ என்னும் ஒற்றை ஆங்கில எழுத்து. நங்கூரம் என்ற பொருளில் வருவது அது. கூர் அடைப்புக்குள் அந்த எழுத்து, அதையடுத்துப் போகவேண்டிய முகவரி, பிறகு வாசகர் கண்ணில் படும் சொல், கடைசியில் மூடும் அடைப்பு. அவ்வளவே. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் வலைக்கான தம் திட்ட வரைவை எழுதினார். 1990-இல் நெக்ஸ்ட் கணினி ஒன்றில் முதல் உலாவியையும் முதல் வழங்கியையும் உருவாக்கினார். இணையத்தின் முகம் அதன்பின் எத்தனையோ முறை மாறிவிட்டது. இந்த ஓரெழுத்து மாறவில்லை. அன்று அந்தக் குறிக்குள் வைத்த சொல்லை இன்றைய கைபேசியும் அதே பொருளில் புரிந்துகொள்கிறது.

உலகின் முதல் வலைத்தளத்தை, அப்போது கிடைத்தவற்றுள் பழையதான 1992-ஆம் ஆண்டுப் பிரதியிலிருந்து, 2013-இல் செர்ன் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. இன்றும் திறந்து பார்க்கலாம். படமில்லை, அலங்காரமில்லை. ஆனால் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். அதில் ‘ஹைப்பர்மீடியா’ என்ற சொல்லில் இணைப்பு இருக்கிறது. புதிதாக வருகிறவர் எந்தச் சொல்லில் தயங்குவாரோ, சரியாக அந்தச் சொல்லில்! அதன் கீழே உதவி, நூற்பட்டியல், ஆட்கள், வரலாறு என்று வரிசையாகத் தலைப்புகள். பெரும்பாலானவை ஓரிரு சொற்களுக்கு மேல் போகவில்லை. பக்கத்திலேயே அங்கே என்ன கிடைக்கும் என்று ஒரு வரி விளக்கம். இணைப்பு என்னும் கலை பிறந்த வீட்டிலேயே அதன் இலக்கணமும் பிறந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

வாக்கியத்தின் உள்ளேயே இணைப்பை இழைத்துவிடும் அந்த அழகுக்கு ஒரு முன்கதை உண்டு. தொடக்ககாலக் கணினித் திரைகளில் வேறு பக்கம் போக வேண்டுமானால் எண் இட்ட பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். படிப்பது ஓரிடம், தேர்வது வேறிடம். அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னெய்டர்மனும் அவருடைய மாணவர்களும் 1980-களில் ஹைப்பர்டைஸ் என்ற மென்பொருளைச் செய்தபோது அந்தப் பட்டியலைக் கரைத்து உரைக்குள்ளேயே ஊற்றிவிட்டார்கள். வாக்கியத்தில் வரும் சொல்லே வாசலாயிற்று. இதிலுள்ள இதத்தைக் கவனியுங்கள். அடிக்குறிப்பு எண் கண்ணை ஒரு கணம் இடற வைக்கும். அடைப்புக்குறி மூச்சை நிறுத்தும். உரையில் இழைந்த இணைப்போ வாசிப்பின் ஓட்டத்தில் ஓர் அசைகூடக் கூட்டுவதில்லை. போக விரும்பாதவருக்கு அது வெறும் சொல்லாகவே இருந்துகொள்கிறது.

அதே மேரிலாந்துக் குழு நிறங்களையும் சோதித்துப் பார்த்தது. சிவப்பு உடனே கண்ணில் பட்டது. ஆனால் சிவந்த சொற்கள் கவனத்தை இழுத்துக்கொண்டதால் சுற்றியிருந்த உரை படித்தவர் மனத்தில் தங்கவில்லை. நீலம் தென்படவும் செய்தது, படிப்பைக் கலைக்கவும் இல்லை. தன்னைக் காட்டிக்கொள்ளும் அளவையும் அடங்கி நிற்கும் அளவையும் இப்படி நிறுத்துப் பார்த்துத் தேர்ந்த நிறம்! பின்னர் 1993-இல் வந்த மொசைக் உலாவி போகாத இணைப்புக்கு நீலம், போய்வந்த இணைப்புக்குக் கருஊதா என்று வகுத்தது. இன்றைய உலாவிகள், யாரும் வேறு நிறம் குறிப்பிடாதபோது, காட்டும் நீலத்தின் அளவு சிவப்பு 0, பச்சை 0, நீலம் 238. திரை தரக்கூடிய முழு நீலம் 255. உச்சத்துக்கு ஒரு பிடி கீழே, சற்றே ஆழ்ந்து, கருப்பெழுத்தோடு ஒத்துப்போகும் இடத்தில் அது நிற்கிறது.

ஊதாவையும் சும்மா விட்டுவிட முடியாது. போய்வந்த இணைப்பின் நிறம் சிவப்பு 85, பச்சை 26, நீலம் 139. நீலத்தின் ஒளி தணிந்து, சற்றே பழுத்து, அடங்கிப்போன நிறம். ஒரு நீண்ட பட்டியலில் எதைப் படித்தோம், எது மிச்சம் என்பதை நமக்காக அது நினைவில் வைத்திருக்கிறது. ஒரே பக்கம் உங்களுக்கு ஒரு விதமாகவும் எனக்கு வேறு விதமாகவும் நிறம் கொள்கிறது. அவரவர் நடந்த தடம் அவரவர் திரையில். இதில் இன்னொரு பண்பும் பொதிந்திருக்கிறது. நீங்கள் எங்கெங்கே போய்வந்தீர்கள் என்பதை இந்த நிறமாற்றத்தைக் கொண்டு வலைத்தளங்கள் உளவு பார்க்க முடியும் என்று ஒரு காலத்தில் தெரியவந்தது. 2010 முதல் உலாவி செய்வோர் அந்த வழியை அடைக்கலானார்கள். ஊதா நிறத்தை உங்கள் கண் பார்க்கும். பக்கத்தை எழுதியவரின் நிரல் கேட்டால் ‘இன்னும் போகாத நீலம்தான்’ என்று உலாவி பதில் சொல்லிவிடும். வாசகரின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்லும் இந்தச் சிறு பொய்யில் எவ்வளவு நாகரிகம்!

இனி, அடியில் ஓடும் கோடு. நிறம் எல்லோர் கண்ணுக்கும் ஒரே விதமாகத் தெரிவதில்லை. அதனால் நிறத்தை மட்டுமே நம்பி எதையும் உணர்த்தலாகாது என்று வலை அணுகல் வழிகாட்டி விதி வகுத்திருக்கிறது. நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் மங்கிய திரையில் படிப்பவருக்கும் அந்தக் கோடு துணை. தமிழில் படிக்கும்போது அதன் பணிவை இன்னும் அருகிலிருந்து ரசிக்கலாம். நம் எழுத்துகள் சும்மா இருப்பவை அல்ல. ‘பு’வும் ‘சு’வும் ‘யு’வும் வரிக்குக் கீழே காலை நீட்டும், ‘ழ’ வளைந்து வால் இறக்கும். முன்பெல்லாம் அடிக்கோடு இவற்றின் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். இன்றைய உலாவிகளில் அப்படியில்லை. எழுத்தின் கால் இறங்கும் இடத்தில் கோடு தானாக விலகி, ஒரு மயிரிழை இடைவெளி விட்டு, மறுபுறம் தொடர்கிறது. ‘புழுதி’ என்ற சொல்லுக்கு இணைப்பு வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துக்குக் கோடு வழிவிடும் அந்த மரியாதை கண்ணுக்கு நேரே தெரியும்.

இவையெல்லாம் கருவி தரும் அழகு. கைவேலை தொடங்குவது சொல்லைத் தேர்வதில். ‘கல்லணையைப் பற்றி அறிய இங்கே சொடுக்கவும்’ என்று எழுதி ‘இங்கே’யில் இணைப்பு வைப்பது வழக்கமாகிவிட்டது. அதே செய்தியை ‘காவிரியின் குறுக்கே நிற்கும் கல்லணை இன்றும் பாசனத்துக்குப் பயன்படுகிறது’ என்று எழுதி, ‘கல்லணை’யில் இணைப்பை வைத்துப் பாருங்கள். வாக்கியம் தன் வேலையைச் செய்கிறது, இணைப்பு தன் வேலையைச் செய்கிறது, இரண்டும் ஒன்றையொன்று மிதிக்கவில்லை. ‘இங்கே சொடுக்கவும்’ வேண்டாம் என்று வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2001-லேயே அறிவுரை சொல்லியிருக்கிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருள் ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் திரட்டிப் பட்டியலாகப் படித்துக் காட்ட வல்லது. அந்தப் பட்டியலில் ‘இங்கே, இங்கே, இங்கே’ என்று ஒலித்தால் கேட்பவருக்கு என்ன விளங்கும்? ‘கல்லணை, மேட்டூர் அணை, பவானிசாகர்’ என்று ஒலித்தால் போகும் வழி காதிலேயே தெரிந்துவிடும். நல்ல இணைப்பு கண்ணுக்கு மட்டும் அழகல்ல.

பீட்டர் பிரோல்லி, ஸ்டூவர்ட் கார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1990-களில் இதை வேறு கோணத்தில் ஆராய்ந்தார்கள். விலங்கு இரை தேடுவதைப் போலவே மனிதர் தகவலைத் தேடுகிறார்கள். எந்த வழியில் போனால் வேண்டியது கிடைக்கும் என்று மோப்பம் பிடித்தே ஒவ்வோர் இணைப்பையும் தொடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. அந்த மணத்தைத் தாங்கி நிற்பவை அடிக்கோடிட்ட இரண்டு மூன்று சொற்கள்தாம். உள்ளே இருப்பதை மிகையாகச் சொல்லாமல், மறைக்கவும் செய்யாமல், இருப்பதன் மணத்தை மட்டும் வாசலுக்கு அனுப்பும் சொல்லைத் தேர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சொல் தேர்ந்த பிறகு நீளம். நம் மொழியில் இது தனிச் சுவை. தமிழில் அடைகள் எல்லாம் முன்னே வந்து, பெயர் கடைசியில் நிற்கும். ‘மீயுரை என்ற கருத்தை 1965-இல் டெட் நெல்சன் முன்வைத்த கட்டுரை’ என்று எழுதுகிறோம். கோடு எங்கே தொடங்கட்டும்? ‘கட்டுரை’யில் மட்டும் வைத்தால் எந்தக் கட்டுரை என்பது விளங்காது. தொடர் முழுவதும் இழுத்தால் வரி முழுக்க நீலம். ‘டெட் நெல்சன் முன்வைத்த கட்டுரை’ என்ற நான்கு சொல்லோடு நிறுத்தினால் யார், என்ன என்ற இரண்டும் கைக்குள் வந்துவிடுகின்றன. ஆண்டும் கருத்தும் கருப்பிலேயே அமைதியாக இருக்கின்றன. தேர்ந்த எழுத்தாளர் இந்த முடிவைக் காதால் எடுப்பார். கோடிட்ட பகுதியை மட்டும் வாய்விட்டுச் சொன்னால் அது தனியே நிற்கிறதா என்று கேட்டுப் பார்ப்பார்.

வேற்றுமை உருபுகளும் சேர்ந்தால் இன்னும் நுட்பம். ‘சென்னையில்’ என்ற சொல்லில் ‘சென்னை’ வரை நீலமும் ‘யில்’ கருப்புமாக நின்றால் சொல் நடுவில் முறிந்த மாதிரி இருக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் ‘சென்னை’ என்று எழுதி, அடைப்பை ஒட்டியே ‘யில்’ சேர்த்தால், மென்பொருள் உருபையும் கோட்டுக்குள் அணைத்துக்கொள்ளும். ஆனால் ‘மரம்’ ‘மரத்தில்’ என்று உருமாறும்போது அந்த உத்தி பலிக்காது. கட்டுரையின் பெயரை ஒருபுறமும், நடுவே ஒரு நிமிர்ந்த கோடும், வாக்கியத்துக்கு வேண்டிய வடிவத்தை மறுபுறமும் எழுத வேண்டும். சாரியையையும் திரிபையும் மதித்து, பொறுமையாக ஒவ்வொரு சொல்லுக்கும் இதைச் செய்த தொண்டர்களின் உழைப்பு எந்தப் பக்கத்திலும் தனியாகத் தெரியாது. சொற்கள் முறியாமல் ஓடுவதே அதன் அடையாளம்.

அங்கே சிவப்பு இணைப்பு என்றொரு அற்புதமும் உண்டு. இன்னும் எழுதப்படாத கட்டுரைக்கு வைக்கும் இணைப்பு அது. 1995-இல் வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் தொடங்கியபோது இல்லாத பக்கத்தின் பெயருக்கு அருகே ஒரு கேள்விக்குறி நிற்கும். அதைத் தொட்டால் எழுதத் தொடங்கலாம். விக்கிப்பீடியாவில் அது சிவப்பாயிற்று. ஓர் ஊரின் கட்டுரையில் அதன் ஏரியின் பெயர் சிவந்து நிற்கிறது என்றால், பந்தியில் வரப்போகிறவருக்காக முன்கூட்டியே போட்டு வைத்த இலை அது. இல்லாமையை மறைக்காமல், குறையாகவும் காட்டாமல், ‘தெரிந்தவர் வந்து எழுதுங்கள்’ என்று அழைக்கும் பெருந்தன்மை அந்தச் சிவப்பில் இருக்கிறது.

இத்தனை அழகைக் கையில் கொடுத்தால் வாரி இறைக்கத் தோன்றும். அங்கேதான் அடக்கம் வேண்டும். ஒவ்வொரு சொல்லும் நீலமானால் எதுவும் நீலமில்லை. விக்கிப்பீடியா எழுதுவோர் அதை நீலக் கடல் என்றே சொல்வார்கள். இரண்டு இணைப்புகள் அருகருகே ஒட்டி நின்றால் படிப்பவருக்கு அவை ஒன்றெனத் தோன்றும். நடுவே ஒரு கருப்புச் சொல்லாவது மூச்சுவிட வேண்டும். ஒரு கட்டுரையில் ஒரு பெயருக்குப் பெரும்பாலும் முதல் வருகையில் மட்டும் இணைப்பு. எதைக் கோப்பது, எதை விடுவது என்ற இந்தத் தேர்வு வலைக்கும் முந்தியது. வானேவர் புஷ் 1945 ஜூலையில் அட்லாண்டிக் மன்த்லி இதழில் எழுதிய கட்டுரையில், ஆவணங்களைத் தடங்களாகக் கோத்துவைக்கும் மெமெக்ஸ் என்ற கற்பனைக் கருவியை வருணித்தபோது ஓர் எடுத்துக்காட்டுக் கொடுத்தார். சிலுவைப் போர்களில் துருக்கியரின் குறுவில் ஆங்கிலேயரின் நெடுவில்லை விஞ்சியது ஏன் என்று ஒருவர் ஆராய்கிறார். பொருத்தமான பக்கங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறார். பின்னர் அந்தத் தடத்தையே நண்பருக்குப் படியெடுத்துத் தருகிறார். இப்படித் தடம் போடுவதே ஒரு தொழிலாகும் என்றும் புஷ் எதிர்பார்த்தார். தடத்தின் மதிப்பு அதில் சேர்த்தவற்றைப் போலவே விட்டவற்றாலும் அமைகிறது.

போய்ச் சேரும் இடத்திலும் நயம் உண்டு. நீண்ட ஆவணத்தின் தலைவாசலில் இறக்கிவிட்டு ‘உள்ளே எங்கோ இருக்கிறது, தேடிக்கொள்ளுங்கள்’ என்பது ஒரு வகை. முகவரியின் இறுதியில் ஓர் எண் குறியும் (#) பகுதியின் பெயரும் சேர்த்து, நேரே அந்தத் துணைத்தலைப்பின் முன் இறக்கிவிடுவது இன்னொரு வகை. 2020 முதல் குரோம் உலாவியில் ஒரு பக்கத்தின் குறிப்பிட்ட தொடரையே முகவரியில் எழுதி, அந்த வரி வண்ணமிட்டு ஒளிரும்படி செய்யலாம். மேற்கோளின் மூலத்தை நீங்களே தேடி எடுத்து, படிப்பவரின் விரலை அந்த வரியில் வைத்துவிடுகிறீர்கள்.

இணைப்பு ஒருவழிப் பாதை. டெட் நெல்சன் கனவு கண்ட சனாடு திட்டத்தில் ஒவ்வோர் இணைப்பும் இருபுறமும் தெரியும், முறியாது. பெர்னர்ஸ்-லீ ஒருவழியைத் தேர்ந்தார். அதனால்தான் யாருடைய அனுமதியும் கேட்காமல் யாரும் யாரையும் சுட்ட முடிகிறது. பள்ளி மாணவி ஒருத்தி தன் பக்கத்திலிருந்து நாசாவைச் சுட்டலாம். நாசாவுக்கு அது தெரியவே வேண்டாம். இந்தச் சுதந்திரத்தில் ஒரு மதிப்பீடும் ஒளிந்திருப்பதை 1998 வாக்கில் இரு தரப்பினர் கண்டுகொண்டார்கள். ஸ்டான்ஃபோர்டின் லாரி பேஜும் செர்கே பிரின்னும், மதிப்புள்ள பக்கங்கள் சுட்டும் பக்கத்துக்கு மதிப்புக் கூடும் என்று கணக்கிட்டார்கள்; கூகுள் அதில் எழுந்தது. ஜான் கிளைன்பெர்க்கின் கணக்கு இன்னும் கவித்துவமானது. நல்லவற்றைச் சுட்டுவதால் ஒரு பக்கம் நல்ல வழிகாட்டியாகிறது. நல்ல வழிகாட்டிகளால் சுட்டப்படுவதால் இன்னொரு பக்கம் நல்ல ஆதாரமாகிறது. பிறரைச் சரியாகச் சுட்டத் தெரிவதும் ஒரு தகுதி என்பதை அந்தக் கணிதம் ஒப்புக்கொள்கிறது.

சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. சுட்டிய பக்கம் சொல்லாமல் இடம் மாறிவிடும். வாசகர் முன் 404 என்ற எண் வந்து நிற்கும். 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டது. இதை முன்னறிந்தவர்போல் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று வலியுறுத்தி ஒரு கட்டுரை எழுதினார். எழுதியவர் பெயர், கோப்பின் வகை, பொருட்பிரிவு, தற்போதைய நிலை போன்ற மாறக்கூடியவற்றை முகவரியில் சேர்க்காதீர்கள் என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரையின் முகவரியையும் பாருங்கள். குட்டையானது, கோப்பு வகையின் வால் இல்லாதது. இன்றும் அதே முகவரியில் திறக்கிறது.

ஓர் இணைப்பின் தரத்தை அறிய மூன்று சோதனைகள் போதும். பக்கத்தின் நீலச் சொற்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். கட்டுரையின் எலும்புக்கூடு தெரிய வேண்டும். பிறகு எல்லாம் கருப்பென்று நினைத்துக்கொண்டு படியுங்கள். எந்த வாக்கியமும் நொண்டக் கூடாது. கடைசியாக ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். சொல் எதைச் சொன்னதோ அதுவே அங்கே இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறும் பக்கத்தை எழுதியவர் வாசகரின் நேரத்தை மதிக்கத் தெரிந்தவர்.

நாம் எல்லோரும் இன்று இணைப்பு வைக்கிறவர்கள்தாம். அலுவலக மின்னஞ்சலில், வலைப்பதிவில், விக்கிப்பீடியாவில். அடுத்த முறை வைக்கும்போது ஒரு கணம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘இங்கே’யை விட்டுவிட்டுச் சரியான சொல்லைத் தேடுங்கள், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள், அனுப்பும் முன் ஒருமுறை திறந்து சரிபாருங்கள். உங்களை நம்பித்தான் வாசகர் அந்தச் சொல்லில் விரல் வைக்கிறார்.